பிஎஸ்ஏ கூடிவிட்டது: நேரே ஊசியா, எம்ஆர்ஐயா, கொம்பியூட்டர் வாசிப்பா?

அப்பாவுக்கு 69 வயது. புரொஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு எடுக்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையில் 9.6 என்று ரிப்போட் வந்த அன்று இரவே எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் மூன்று கட்சி உருவாகிவிட்டது. லண்டன் மச்சான், “இங்கே முதலில் எம்ஆர்ஐதான், அது எடுக்காமல் பயொப்ஸி ஊசி குத்திச் சதை எடுக்க விடாதீங்கோ” என்றார். டொரொண்டோ சித்தப்பா ஏஐ ஸ்கான் பற்றி ஒரு வீடியோவை அனுப்பி, இனி டொக்டரே தேவையில்லை என்ற மாதிரி எழுதியிருந்தார். வெள்ளவத்தையில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் பெரியம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் பிடிக்காது: “பேசாமல் பயொப்ஸியை எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கோ.” அம்மா வாயே திறக்கவில்லை. யாராவது புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற மஹரகமவின் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

நான் மென்பொருள் வேலை செய்கிறவன், டொக்டர் இல்லை. ஆனால் அடுத்த மூன்று மாதமும் அப்பாவோடு காலி வீதியில் ஓட்டோவில் அலைந்தது நான்தான் என்பதால், இந்த மூன்று வழிகளையும் காசு, நேரம், அப்பாவின் உடம்பு எல்லாவற்றையும் வைத்து எடைபோட வேண்டியதாயிற்று. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: காசு இருந்தால் முதலில் நல்ல படத்துக்குக் கொடுங்கள், அடுத்தது அந்தப் படத்தை வாசிக்கும் ஆளுக்கு. கொம்பியூட்டர் வாசிப்பு மூன்றாவது. அதுவும் எல்லோருக்கும் இல்லை.

இந்த மூன்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. பிஎஸ்ஏயைத் திரும்ப எடுப்பது. பிஎஸ்ஏ என்பது புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோய் இருந்தால்தான் கூடும் என்றில்லை. சலக்கிருமி (சிறுநீரில் தொற்று) வந்தாலும் கூடும், வயதோடு சுரப்பி வீங்கினாலும் கூடும். பிஎஸ்ஏ கூடிய ஆண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மறுபக்கம், முடி கொட்டாமல் இருக்கவோ சலம் சீராகப் போகவோ ஃபினாஸ்டரைட், டுடாஸ்டரைட் குளிசை ஆறு மாதத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு இந்த எண் பாதியாகக் குறைந்து காட்டும். அதை டொக்டரிடம் சொல்லாமல் விட்டால் 3 என்று வந்த எண்ணைப் பார்த்துச் சும்மா சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம், உண்மையில் அது 6.

அப்பாவுக்கு அந்தக் கிழமைதான் சலம் கடுத்து எரிந்தது, ஆள் வெட்கத்தில் சொல்லவில்லை. பரிசோதித்ததில் கிருமி இருந்தது. மருந்து எடுத்து, ஆறு கிழமை கழிய விட்டுத் திரும்ப எடுத்தபோது 7.8. குறைந்தது, ஆனால் விட்டுவிடக்கூடிய எண் இல்லை. சரி, இனித்தான் தெரிவு.

பெரியம்மாவின் வழி, அதாவது நேரே பயொப்ஸி. பழைய முறையில் மலவாசல் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டு, சுரப்பியின் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பிரித்து 12 இடத்தில் ஊசியால் சதை எடுப்பார்கள். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி மூட்டைக்குள் கம்பியைக் குத்தி நாலு மணி எடுத்துப் பார்ப்பார்களே, அதுதான். மூட்டை முழுக்க ஒரே அரிசி என்றால் அது நல்ல முறை. புற்று அப்படிப் பரவி இருப்பதில்லை, ஒரு மூலையில் கடலை அளவில் கிடக்கும். சாதாரண அல்ட்ராசவுண்டில் அது பெரும்பாலும் தெரியாது. ஆகவே ஊசி போவது இடம் தெரிந்து இல்லை, கணக்குக்கு.

இதை நேருக்கு நேர் அளந்து பார்த்த ஆய்வு பிரித்தானியாவின் ப்ரோமிஸ், 2017இல் வெளிவந்தது. 576 ஆண்களுக்கு எம்ஆர்ஐயும் எடுத்து, இந்த 12 ஊசி முறையும் செய்து, உண்மையைத் தெரிந்துகொள்ள 5 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று சுரப்பி முழுக்கச் சதை எடுத்தும் பார்த்தார்கள். வைத்தியம் தேவைப்படுகிற அளவு புற்று இருந்தவர்களில் 12 ஊசி முறை 48 வீதத்தினரைத்தான் பிடித்தது. எம்ஆர்ஐ 93 வீதத்தினரை. பாதிப் பேரைத் தவறவிட்ட ஒரு சோதனையை எடுத்துவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பது என்று பெரியம்மாவிடம் கேட்டேன். “நீ கனக்கப் படிச்சிட்டாய்” என்றார்.

ஆனால் அதே ஆய்வின் மற்றப் பாதியை லண்டன் மச்சான் சொல்லவில்லை. எம்ஆர்ஐ எல்லாவற்றையும் கண்டு பயப்படுகிற சாதி. அப்படியான புற்று இல்லாதவர்களில் 41 வீதத்தினரைத்தான் அதனால் “ஒன்றுமில்லை” என்று அனுப்ப முடிந்தது. மிச்சப் பேருக்குச் சந்தேகம் கிளப்பியது. பயொப்ஸி அந்த விசயத்தில் 96 வீதம். அதனால் எம்ஆர்ஐயில் ஏதோ தெரிகிறது என்பதற்குப் புற்று என்று அர்த்தம் இல்லை, புற்று என்று உறுதியாகச் சொல்வது இன்றைக்கும் சதைத்துண்டு ஒன்றுதான். எம்ஆர்ஐயின் வேலை, யாருக்கு ஊசி வேண்டாம், வேண்டுமென்றால் எந்த இடத்தில் என்று காட்டுவது. 2018இல் வந்த ப்ரிசிஷன் ஆய்வில் 500 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எம்ஆர்ஐ பார்த்து, தெரிந்த இடத்தில் மட்டும் ஊசி போட்ட பிரிவில் 38 வீதத்தினருக்கு முக்கியமான, அதாவது வைத்தியம் தேவைப்படுகிற, புற்று அகப்பட்டது, பழைய முறையில் 26 வீதத்தினருக்கு. தீங்கில்லாத சின்னப் புற்று அகப்பட்டது முறையே 9 வீதம், 22 வீதம். எம்ஆர்ஐ பிரிவில் 28 வீதத்தினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. இங்கிலாந்து 2019இல் எம்ஆர்ஐயை முதல் படி ஆக்கியதற்கு இந்த இரண்டு ஆய்வுகளும் முக்கிய காரணம், மச்சான் சொன்னது சரிதான்.

சின்னப் புற்றைக் கண்டுபிடிக்காமல் விடுவது எப்படி நல்லது என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பிரித்தானியாவில் ப்ரோடெக்ட் என்று ஒரு நீண்ட ஆய்வு, 1,643 ஆண்கள், எல்லோருக்கும் பிஎஸ்ஏ வழியாகக் கண்டுபிடித்த, சுரப்பியை விட்டு வெளியே போகாத புற்று. ஒரு பிரிவைக் கண்காணித்தார்கள், ஒரு பிரிவுக்குச் சுரப்பியை வெட்டி எடுத்தார்கள், ஒரு பிரிவுக்குக் கதிர் கொடுத்தார்கள். 15 வருடம் கழித்துப் பார்த்தால் எந்தப் பிரிவிலும் இந்தப் புற்றால் இறந்தவர்கள் 3 வீதம் அளவில்தான். ஆனால் வெட்டியவர்களில் பலருக்குச் சலம் கசிவது, ஆண்மைக் குறைவு. 69 வயதில் எல்லாவற்றையும் கிண்டிக் கிளறிக் கண்டுபிடித்தால் அந்த இரண்டும்தான் மிச்சம்.

இனி எம்ஆர்ஐக்குள்ளேயே தெரிவு இருக்கிறது, கொழும்பில் காசு போவது இங்கேதான். காந்தத்தின் பலம் 3 டெஸ்லா உள்ள மெசினா, 1.5ஆ? 3 நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நான் மேலே சொன்ன ப்ரோமிஸ் முழுவதும் 1.5இல் எடுத்தது. கவனமாக எடுத்த 1.5, அவசரமாக எடுத்த 3ஐவிட மேல். படம் தெளிவாகத் தெரிய நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பதா, ஏற்றாமலா? 2025இல் வந்த ப்ரைம் ஆய்வு, 490 பேர், மருந்து ஏற்றாத சுருக்கமான ஸ்கானும் முழு ஸ்கானும் முக்கியமான புற்றைப் பிடிப்பதில் ஒன்றுக்கொன்று குறையவில்லை என்று காட்டியது, இரண்டிலும் 29 வீதத்துக்குச் சற்று மேல். படம் தரமாக இருந்தால் என்பது நிபந்தனை. சிறுநீரகம் பலவீனமான ஆட்களுக்கும் பொக்கற் பலவீனமான ஆட்களுக்கும் இது நல்ல செய்தி. அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் இலவசம், ஆனால் தவணை கிடைக்கும் நாளைப் பொறுத்திருக்க வேண்டும். தனியாரில் அந்தக் கிழமையே கிடைக்கும். சந்தேகம் மட்டும் இருக்கிற நிலையில் சில கிழமை பொறுப்பதால் பெரும்பாலும் குடி முழுகிவிடாது. பிஎஸ்ஏ நூறு, எலும்பில் நோ என்று வந்தவர்களின் கதை வேறு, அவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே போக வேண்டும்.

நாங்கள் தனியாரில் எடுத்தோம். பில்லில் ஏஐ என்று ஒரு தனி வரி, அதற்கு ஒரு தொகை. எனக்குத் தொழில் புத்தி, விடவில்லை, இந்த ஏஐ என்ன செய்கிறது என்று கவுண்டரில் கேட்டேன். அந்தத் தங்கச்சி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “படத்தைக் கிளியர் ஆக்கும் சேர்” என்றார். அதாவது இரைச்சலை எடுத்து, ஸ்கான் நேரத்தைக் குறைக்கிற மென்பொருள். நல்ல சாமான்தான், ஆனால் அது புற்றைத் தேடுவதில்லை! சித்தப்பாவின் வீடியோவில் இருந்தது அது இல்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சாமான் விற்கிறார்கள். ஒன்று, இப்போது சொன்ன படம் கட்டும் மென்பொருள். இரண்டாவது, சுரப்பியின் எல்லையைக் கோடு போட்டுக் கன அளவைச் சொல்கிற மென்பொருள். மூன்றாவதுதான் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் “இங்கே முக்கியமான புற்று இருக்க எவ்வளவு வாய்ப்பு” என்று ஒரு எண் போட்டு, சந்தேக இடத்தைச் சிவப்பாகக் காட்டுவது. காசு கேட்டால் முதலில் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். இரண்டாவதின் வேலையை நீங்களே செய்யலாம்: ரிப்போட்டில் மூன்று அளவு இருக்கும், அப்பாவுக்கு 5.4, 5.0, 5.1 சென்ரிமீட்டர். மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 72 மில்லிலீட்டர். பிஎஸ்ஏயை அதால் பிரியுங்கள், 7.8ஐ 72ஆல் பிரிக்க 0.11. இதற்குப் பெயர் பிஎஸ்ஏ அடர்த்தி, 0.15க்கு மேல் போனால் சந்தேகம் கூடும். அதே 7.8, சுரப்பி 35 மில்லிலீட்டராக இருந்திருந்தால் 0.22, முழுக்க வேறு கதை. போன் கல்குலேட்டரில் அரை நிமிட வேலை, எங்கள் முடிவில் பாதி இதில்தான் நின்றது.

மூன்றாவதின் தரம் என்ன? இதுவரை வந்த பெரிய சோதனைகளில் ஒன்று பைகாய், 2024இல் வெளிவந்தது, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட எம்ஆர்ஐகளை வைத்துச் செய்தது. அதில் 400 பேரின் படங்களை 20 நாடுகளின் 62 கதிரியக்க நிபுணர்களும் மென்பொருளும் தனித்தனியே வாசித்தார்கள். புற்று உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு அடிக்கடி சரியாகப் பிரித்துச் சொல்கிறார்கள் என்கிற அளவுகோலில் மென்பொருள் 0.91, நிபுணர்கள் சராசரி 0.86. சித்தப்பாவின் வீடியோ இந்த இடத்தில் முடிந்துவிட்டது. ஆய்வு முடியவில்லை. நோயாளியின் பழைய கதை, முழு ஸ்கான், பக்கத்து மேசையில் கேட்டுப் பார்க்கச் சக டொக்டர்கள் என்று ஆஸ்பத்திரியில் வழக்கமாக நடக்கிற வாசிப்போடு 1,000 பேரில் ஒப்பிட்டபோது இரண்டும் அநேகமாகச் சமம்: ஒரே அளவு புற்றைப் பிடிக்கும்போது தேவையில்லாத சந்தேகத்தைத் தவிர்த்தது மென்பொருள் 68.9 வீதம், வழக்கமான வாசிப்பு 69.0. அதோடு அந்த மென்பொருள் படித்ததெல்லாம் நெதர்லாந்து ஆஸ்பத்திரிகளின் படங்கள், சோதித்துப் பார்த்தது நெதர்லாந்து, நோர்வே படங்களில். நம்முடைய மெசினில், நம்முடைய ஆட்களின் படத்தில் அப்படியே ஓடும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். எழுதினவனுடைய மெசினில் ஓடும் நிரல் வாடிக்கையாளரின் மெசினில் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி, அப்பாவின் ரிப்போட். பைராட்ஸ் 3. இது 1 முதல் 5 வரையான மதிப்பெண். 1, 2 என்றால் பயமில்லை, 4, 5 என்றால் ஊசி, 3 என்றால் “தெரியவில்லை” என்பதன் மரியாதையான வடிவம். உள்பகுதியில் இடப்பக்கம் 9 மில்லிமீட்டரில் ஒரு லீஷன். அப்பா லீஷன் என்றால் என்ன என்று கேட்க, நான் யோசிக்காமல் “புண் மாதிரி” என்றுவிட்டேன், மனுசன் அன்றிரவு சாப்பிடவில்லை. “அந்த இடம் மற்ற இடம் மாதிரி இல்லை, அவ்வளவுதான்” என்று அடுத்த நாள் திருத்திச் சொன்னேன். தயவுசெய்து நீங்கள் முதலிலேயே அப்படிச் சொல்லுங்கள்.

3 வந்தவர்களுக்குத்தான் இரண்டாவது கண் தேவை, மனிதக் கண்ணா கொம்பியூட்டரா என்ற கேள்விக்கு உண்மையான அர்த்தமும் இங்கேதான் வருகிறது. 5 வந்தவருக்கு மென்பொருள் என்ன சொன்னாலும் ஊசி நிச்சயம். 1 வந்து, அடர்த்தியும் குறைவாக இருப்பவருக்கு அது சொல்ல ஒன்றும் இல்லை. நான் இரண்டையும் செய்து பார்த்தேன். பைகாய் ஆய்வுக்காரர்கள் சில அடிப்படை மாதிரிகளை ஆய்வுத் தேவைக்காக இணையத்தில் திறந்து விட்டிருக்கிறார்கள். அப்பாவின் பெயரை நீக்கிவிட்டு, சீடியில் இருந்த படங்களை என் கணினியில் ஓட்டினேன். வைத்தியத்துக்கு அனுமதி பெற்றது இல்லை, யாருக்கும் இதைச் சிபாரிசு செய்யவில்லை, இரண்டு இரவு நித்திரை போனதுதான். விடை வேடிக்கையாக இருந்தது. ரிப்போட் சந்தேகப்பட்ட 9 மில்லிமீட்டர் இடத்தை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பின்பக்கம், மலக்குடலை ஒட்டினாற்போல் ஒரு சிவப்புப் பொட்டு. அடிவயிறு கலங்கிவிட்டது எனக்கு.

பிறகு புரொஸ்டேட் எம்ஆர்ஐ நிறையப் பார்க்கிற ஒரு கதிரியக்க நிபுணரை எங்கள் டொக்டர் மூலமாகப் பிடித்து, இரண்டாவது வாசிப்புக்குச் சீடியைக் கொடுத்தோம். சிவப்புப் பொட்டு இருந்த இடத்தைக் காட்டியதும் ஒரு பார்வைதான், “அது காற்று” என்றார். தண்ணீர் எப்படி நகர்கிறது என்று பார்க்கிற படம் காற்றுக்குப் பக்கத்தில் வளைந்து நெளிந்துவிடுமாம். ஸ்கானுக்கு முந்தின இரவு அப்பா வண்டில்காரனிடம் கடலை வாங்கிச் சாப்பிட்டதும், காலையில் வயிறு போகாமல் போய்ப் படுத்ததும் எனக்குத் தெரியும். வயிற்றைச் சுத்தம் பண்ணிவிட்டு வரச் சொல்லி அந்த இடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. ஏஐக்கு வாங்கின காசில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு எனிமா வாங்கியிருக்கலாம். 9 மில்லிமீட்டர் இடத்தைப் பற்றி அவர் சொன்னது: உள்பகுதியில் முடிவைச் சொல்வது அந்த வளைந்த படம் இல்லை, வடிவம் காட்டுகிற மற்றப் படம், அதில் ஓரம் தெளிவாக இருக்கிறது, வயதுக்கு வரும் சாதாரண வீக்கத்தின் கட்டி. அவர் கொடுத்தது 2.

இதை வைத்து மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 9 மில்லிமீட்டர் இடத்தில் அது சரி, முதல் ரிப்போட்தான் பிழை. புரொஸ்டேட் படம் மாதத்துக்கு இரண்டு மட்டும் பார்க்கிற இடத்தில், பக்கத்தில் கேட்க ஆளில்லாத டொக்டருக்கு இப்படி ஒன்று இருந்தால் பெரிய உதவி. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவர்களுக்கு, கொழும்புக்கு ஓடி வருவதைவிட அது மலிவாகவும் இருக்கலாம். ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு, கை தேர்ந்த ஒருவரிடம் இரண்டாவது வாசிப்புக் கேட்க முடிகிறபோது, அதே காசை வெளிநாட்டு ஏஐ ரிப்போட்டுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அல்ட்ராசவுண்டில் கணினி வைத்துத் தேடுகிற முறைகளும் உண்டு. ஹிஸ்டோஸ்கானிங் என்று ஒன்று ஆரம்பத்தில் சின்ன ஆய்வுகளில் அமோகமாக வந்து, வெளியே மற்றவர்கள் செய்து பார்த்தபோது எடுபடவில்லை. 29 மெகாஹேர்ட்ஸில் ஓடும் மைக்ரோ அல்ட்ராசவுண்ட் அப்படி இல்லை, எம்ஆர்ஐ வழி பயொப்ஸிக்குக் குறையாது என்று 2025இல் வந்த ஒப்டிமம் ஆய்வு காட்டியிருக்கிறது. இடுப்பில் உலோகம் வைத்தவர்களுக்கும் ஸ்கானுக்குள் படுக்க முடியாதவர்களுக்கும் இது ஒரு வழி. பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கானைப் பற்றியும் கேட்பார்கள், அது பெரும்பாலும் புற்று உறுதியான பிறகு எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க.

ஊசி போட வேண்டி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்ஆர்ஐ படத்தை அல்ட்ராசவுண்டின்மேல் கணினி பொருத்திக் காட்டும் ஃபியூஷன் முறைக்கு அதிகம் கேட்கிறார்கள். நெதர்லாந்தின் ஃபியூச்சர் ஆய்வில், அதையும், டொக்டர் எம்ஆர்ஐயை மனதில் வைத்துக்கொண்டு கையால் குறிபார்ப்பதையும், எம்ஆர்ஐக்குள்ளேயே ஊசி போடுவதையும் ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் என்றால் அந்தக் காசுக்கு, மலவாசல் வழியாக இல்லாமல் விதைப்பைக்கும் மலவாசலுக்கும் இடையில் தோல் வழியாக ஊசி போடும் இடத்தைத் தேடுவேன், கிருமி தொற்றும் பயம் குறைவு.

அப்பாவுக்கு ஊசி வரவில்லை. அடர்த்தி 0.11, பைராட்ஸ் 2, விரலால் தடவிப் பார்த்ததிலும் ஒன்றுமில்லை. மூன்றையும் வைத்து டொக்டர், “ஐயா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, ஏறினால் திரும்ப ஸ்கான்” என்று விட்டுவிட்டார். எம்ஆர்ஐ ஒன்றுமில்லை என்று சொன்னாலும் ப்ரோமிஸில் பத்தில் ஒருவருக்கு ஏதோ இருந்தது, அதனால் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் கட்டாயம் வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்ட அப்பா, சீடியை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி, காணி உறுதி வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். திறப்பு எங்கே என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது.